உன் வீட்டின் சரியான அளவு

அன்பு மகள் றிஷானாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனதுக்குத்தான் சுகமில்லை. மெல்பேர்னில் குளிர் கூடிவிட்டது என்று சொன்னாய், காதை மூடிக்கொண்டு போ. இரண்டு நாளைக்கு ஒருமுறை போனில் முகம் பார்க்கிறவளுக்கு இதென்ன கடிதம் என்று யோசிப்பாய். உன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது. மாமாவின் மகன் இன்பாஸ் வருகிற கிழமை அங்கே வருகிறான், அவன் கையில் மாசிக் கருவாடும் இந்தக் கடிதமும் தருகிறேன். மாசியை எடுத்து வைத்துவிட்டு இருந்து வாசி.

மகள், பெப்ரவரி மாதம் நீ வீட்டின் அளவு கேட்டாயல்லவா. உள்ளகக் கட்டடக்கலைப் படிப்பின் கடைசி ஆய்வுக்கு நம்முடைய கிண்ணியா வீட்டையே எடுத்திருக்கிறேன், முன்னுக்கு ஆம்பிளையள் வந்து இருந்தால் பெண்கள் குசினி அடுப்படியிலிருந்து எந்த வழியால் நடக்கிறோம், திரை எங்கே தொங்குகிறது எல்லாம் வரையப்போகிறேன் என்றாய். நான் ஹோல் இருபத்திரண்டு அடிக்குப் பதினாலு என்று அனுப்பினேன். அது அத்திவாரம் போட்ட நாளில் வாப்பா எழுதி வைத்த துண்டைப் பார்த்து எழுதியது. நீ கேட்ட அன்று அந்த ஹோலே இல்லை. தங்கச்சி ஷிஃபானாவின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை முந்தி நடுவில் சுவர் எழுப்பி வீட்டை இரண்டாக்கிவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனிதர்கள்தான், ஆனால் பொம்புளைக்கு வீடு எங்கே என்று கேட்டார்கள், ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், மகளுக்கு வீடு காட்டாமல் நிக்காஹ் பேச ஏலாது. நம்மிடம் வேறு காணி இல்லை. நீ ஐந்தாம் வகுப்பில் இருக்கும்போதே இது றிஷானாவின் வீடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் நான். உனக்குப் புலமைப்பரிசில் கிடைத்தபோது போய்ப் படி, வீடு எங்கே ஓடிப்போகப் போகிறது என்று சொன்னவளும் நான்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை சொல்வார்கள், நான் ஒரு முழுச் சுவரை மறைத்தேன். கலியாணத்தன்று நீ போனில் பார்க்கும்போது அதன்மேல் பச்சைப் பட்டுத்துணி தொங்கவிட்டு மாப்பிள்ளையை அதன் முன்னால் இருத்தினோம். ஹோல் சின்னதாத் தெரியுதே உம்மா என்று நீ கேட்டாய், சனம் கூடிப்போச்சு மகள் என்றேன். படிப்பு முடியுமட்டும் வாயைத் திறக்காதே, பிள்ளை குழம்பிப் போகும் என்று வாப்பா சொன்னார், எனக்கும் அது வசதியாகப் போயிற்று. போன வெள்ளிக்கிழமை நீ கடதாசி மட்டையில் செய்த சின்ன வீட்டைக் காட்டினாயே, முழு ஹோலும் அப்படியே, நீ இருந்து படம் கீறுகிற ஜன்னலின் வெளிச்சம் குசினிக் கதவுவரை வருகிற மாதிரிச் செய்திருந்தாய், பேராசிரியர் மெச்சினார் என்றாய். நான் மாஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டு உலையில் சோறு கரிகிறது என்று போனை வைத்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, மகள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை, அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. பொய் அளவை வைத்து நீ ஆய்வை எழுதி, நாளைக்கு யாராவது வீட்டை ஒருமுறை காட்டு என்று கேட்டால் உன் மானம் என்னாவது.

அதனால் நேற்று அசர் தொழுதுவிட்டுத் தையல் நாடாவை எடுத்து அளந்தேன். நம்முடைய பக்கத்து ஹோல் பத்தடி இரண்டு அங்குலம். சுவர், பூச்சோடு சேர்த்து ஆறு அங்குலம். மற்றப் பக்கத்தை அளக்க நான் வெளியே இறங்கி வேலியைச் சுற்றிப் போய், வீதிப் பக்கம் புதிதாக வைத்த கதவில் நின்று ஸலாம் சொன்னேன். மருமகன் றிப்தி வந்து, என்ன மாமி வெளிய நிக்கிறீங்க, இது உங்கட வூடுதானே என்று கதிரை எடுத்துப் போட்டான். அவன் மரியாதையாகத்தான் சொன்னான், எனக்குத்தான் அந்தக் கதிரையில் இருக்க ஏலாமல் போனது. அந்தப் பக்கம் பதினொரு அடி நாலு அங்குலம், பெரிய பாதி அவர்களுக்கு. நீயும் தங்கச்சியும் படுத்த அறையும் உன் ஜன்னலும் அங்கேதான். ஜன்னலை மறைத்து அலுமாரி நிற்கிறது, மேலே ஒரு சாண் வெளிச்சம்தான் வருகிறது, எழுதிக்கொள். நாடாவின் மற்ற நுனியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஷிஃபானா, ராத்தா இனி என்னோட கதைப்பாவா உம்மா என்று கேட்டாள். அவள்மேல் கோபப்படாதே, அவள் வீடு கேட்கவில்லை, நாங்கள்தான் கொடுத்தோம். கோபம் எல்லாம் எனக்கு வரட்டும். பேராசிரியரிடம் என்னுடைய உம்மா பொய் சொல்லிவிட்டா என்றே சொல்லு, எனக்கு வெட்கமில்லை.

திரும்பி வந்து, பிள்ளை படிப்பு முடித்து வந்தால் எங்கே படுக்கும் என்று வாப்பாவிடம் கேட்டேன். அவர் நாடாவை வாங்கி நம்முடைய பக்கத்து ஹோலை அளந்தார். குசினிக் கதவு, அறைக் கதவு, வாசல் கதவு எல்லாம் போக மிஞ்சிய இடம் ஐந்தடி எட்டு அங்குலம். உன் கட்டில் ஆறடி. திரும்பவும் ஒருதரம் அளந்து பார்த்துவிட்டு, நாலு அங்குலம் காணாது றுக்கியா என்று சொல்லி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நல்ல அறிவையும் தரட்டும், உன் கையால் கீறுவதெல்லாம் நிலைக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, சுபஹுத் தொழுகையைத் தவறவிடாதே. மாசியை ஈரம் படாமல் போத்தலில் போட்டு வை. வீட்டுக்குள் இடம் பண்ணுவதைத்தானே மகள் நீ படிக்கிறாய், கோபம் ஆறினதும் அந்த நாலு அங்குலத்துக்கு ஒரு வழி கீறி அனுப்பு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
உம்மா றுக்கியா