ஸ்நேர் கொஞ்சம் பின்னால்தான் விழும்

சனிக்கிழமை இரவு, கூடுவாஞ்சேரி.

என் முதல் சினிமாப் பாட்டு. மாமல்லபுரம் ஸ்டூடியோவில் டிரம்ஸ் வாசித்து முடித்தேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள், ரெக்கார்டிங் செய்யும் ரஃபீக் என் ஸ்நேர் டிரம் அடிகளையெல்லாம் கம்ப்யூட்டரில் முன்னால் இழுத்து, தாளக் கணக்குக்கு ஓடும் கிளிக் சத்தத்தோடு ஒட்டவைத்திருந்தான்.

"லேட்டா வுழுதுக்கா. சரி பண்ட்டேன்."

"லேட் இல்லடா. பாடுறவ மூச்சு வுட இடம் குடுத்துகினு வாசிச்சேன்."

அவன் நம்பவில்லை. பாடகி ஷீலாவிடம் எது யாருடையது என்று சொல்லாமல், அவன் திருத்தியது, நான் வாசித்தது இரண்டுக்கும் பாடவைத்தேன். அவன் திருத்தியதில் வரிகளைத் துரத்திக்கொண்டு ஓடினாள். என்னுடையதில் சாவகாசமாகப் பாடினாள்.

"இன்னாக்கா, பாட்டே வேற மாதிரி கீது!" என்று ரஃபீக் பழையபடியே மாற்றிவிட்டான்.

திங்கட்கிழமை இசையமைப்பாளர் கேட்பார். அவரும் அடிகளை முன்னால் இழுக்கச் சொன்னால், பாட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்வேன். சொல்லிவிடுவேன். தூக்கம் வருகிறது.