இரண்டாவது கையெழுத்து

வியாழக்கிழமை காலை

அன்புள்ள மில்லிக்கு,

இங்கே நாங்கள் நலம். நீயும் உன் அண்ணன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும், எட்டு வருஷம் கழித்து இவளுக்கு என்ன திடீர் ஞாபகம் என்று முகத்தைச் சுளித்திருப்பாய். போனில் பேசியிருக்கலாம். பேசினால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். கோபம் வந்தாலும் கடைசி வரி வரை படித்துவிடு.

முதலில் நல்ல செய்தி. நான் சொந்தமாகத் தங்கப் பரிசோதனைக்கூடம் வைத்துவிட்டேன்! கூடம் என்றதும் பெரிதாக நினைக்காதே. எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கும் அறை இருந்ததே, அதுதான். வாஷிங் மெஷின் இருந்த மூலையில் உலை. ஜன்னலை எடுத்துவிட்டு, புகை வெளியே போக என் வீட்டுக்காரர் குழாயும் மின்விசிறியும் மாட்டித் தந்தார். இடித்த கடை ஒன்றிலிருந்து கனமான கல் மேடையைக் கொண்டுவந்து அதன்மேல் தராசை வைத்திருக்கிறேன். எல்லாம் சரி, மாடி வீட்டுக்காரர் உடம்பைக் குறைக்கிறேன் என்று தினமும் பத்து மணிக்குக் கயிறு தாண்டுகிறார். அவர் தாண்டி முடிக்கும் வரை தராசின் முள் ஒரு இடத்தில் நிற்காது. இதுவரை அவர் இளைத்ததாகவும் தெரியவில்லை.

யார் வருகிறார்கள் என்று கேட்பாய். வீட்டிலேயே தங்கம் பிரிக்கிற பொழுதுபோக்குக்காரர்கள்தான். பழைய கம்ப்யூட்டர் அட்டைகளிலிருந்து ஊசி ஊசியாகப் பிடுங்கி, மாதக்கணக்கில் அமிலத்தோடு மல்லுக்கட்டி, கடைசியில் பட்டாணி அளவு ஒரு உருண்டை எடுக்கிறார்கள். அது எவ்வளவு சுத்தம் என்று சொல்ல ஆளில்லை. நம் பழைய தங்க ஆலையில் அரைக் கிலோவுக்குக் குறைவாகக் கொண்டுபோனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள், உனக்குத் தெரியாததா? பட்டாணிக்காரர்களுக்கும் ஒரு இடம் வேண்டும் என்று தோன்றியது. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் தன் முதல் உருண்டையைப் பஞ்சில் சுற்றி, பிறந்த குழந்தையை நீட்டுவது போல் இரண்டு கையாலும் நீட்டினார். ஆயிரத்துக்குத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு என்று நான் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வீட்டுல எல்லாரும் பைத்தியம்னு சொன்னாங்கம்மா"ன்னு சொல்லிவிட்டு என் கைக்குட்டையை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தை ஆலையில் இருந்த பத்தொன்பது வருஷத்தில் நாம் பார்த்ததே இல்லை.

இனி மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுத வேண்டியது.

நாலாவது மாதம், கூட்டம் ஏறிவிட்டது. ஒவ்வொரு துண்டோடும் இரண்டரை மடங்கு வெள்ளி சேர்த்து உருக்கி, பிறகு அமிலத்தில் வெள்ளியைக் கரைத்துவிட்டு, மிஞ்சுகிற தங்கத்தைத்தானே எடை போட வேண்டும்? என்னிடம் வெள்ளி தீர்ந்துபோனது. வாடிக்கையாளர்களில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார், பழைய தங்கப் பல் அடைப்புகளை எல்லாம் உருக்கிப் பிரிப்பவர். தானே சுத்தம் செய்த வெள்ளிக் குருணையை ஒரு டப்பா நிறையக் கொடுத்தார். பளபளவென்று அத்தனை அழகு. அதிலேயே மயங்கிவிட்டேன். புது வெள்ளியைத் தொட்டால் முதலில் வெறும் வெள்ளியை மட்டும் உருக்கி, அமிலத்தில் கரைத்துப் பார்க்க வேண்டும், அடியில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. இந்தப் பாடத்தை நாம் எத்தனை பயிற்சியாளர்களுக்குச் சொல்லியிருப்போம்! வரிசையில் பதினேழு பொட்டலம் காத்திருந்தது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். சுத்தம் ஏற்கெனவே தெரிந்த தங்கம் ஒரு துண்டைக் கூடவே உருக்கி ஒப்பிட்டுப் பார்ப்பதையும் விட்டேன்.

பதினேழு சான்றும் போன பிறகு பஸ் டிரைவர் போன் செய்தார். தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்கம்மா, போன தடவை அனுப்பினது நானே கலந்தது. கடையில வாங்கின சுத்தத் தங்கம் எழுநூத்தி அம்பது பங்கு, மிச்சம் வெள்ளி. நீங்க எழுநூத்தி அம்பத்தி மூணுன்னு போட்டிருக்கீங்க"ன்னார். சும்மா என்னைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. உங்கள் வீட்டுத் தராசைப் பாருங்கள் என்று வெடுக்கென்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு டாக்டரின் வெள்ளி டப்பாவைக் கையில் எடுத்தேன். உலையை மூட்டி, வெறும் வெள்ளியை மட்டும் உருக்கி, அமிலத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். வெள்ளி எல்லாம் கரைந்தது. கண்ணாடிக் குடுவையின் அடியில் பழுப்பாக ஒரு துகள் மட்டும் நின்றது. தங்கம். டாக்டர் முழுசாகப் பிரிக்காமல் விட்ட தங்கம்.

அந்தத் துகளைப் பார்த்தபோது எனக்கு டாக்டரும் நினைவில்லை, டிரைவரும் நினைவில்லை. நீதான் நினைவுக்கு வந்தாய். ஒரு வாரம் முழுக்க உன் கணக்கெல்லாம் ஆயிரத்துக்கு மூன்று பங்கு ஏறி வந்து, மேலாளர் அறையில் உன்னை நிற்க வைத்து, "வெள்ளியைப் பாருங்க, சார்"னு நீ சொல்ல, "உங்க கவனக்குறைவுக்கு வெள்ளி மேல பழி போடாதீங்க"ன்னு அவர் சொன்ன நாள். நானும் அந்த அறையில்தான் இருந்தேன், மில்லி. அந்த வாரம் புது வெள்ளி டப்பாவைப் பிரித்தவள் நான். சோதித்துப் பார்க்காமல் உன் மேஜைக்குத் தள்ளியவளும் நான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். ஒரு மில்லிகிராமுக்காக அரை நாள் சண்டை போடுகிறவளுக்குக் கவனக்குறைவு என்று பெயர் வைத்து அனுப்பினார்கள், நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்தத் தடவை வாயை மூடவில்லை. பதினேழு பேருக்கும் அன்றைக்கே எழுதினேன். தப்பு என்னுடையது, வெள்ளியைச் சோதிக்கவில்லை, மீதித் துண்டை அனுப்பினால் மறுபடி செய்து தருகிறேன் என்று. என் வீட்டுக்காரர்கூட, "யாரும் கேக்கவே இல்லையே, எதுக்கு வலியப் போய் மாட்டிக்கிற?"ன்னார். இரண்டு பேர் கண்டபடி திட்டினார்கள். ஒருவர் இனி வரமாட்டேன் என்றார். டாக்டர் வெட்கப்பட்டு ஒரு வாரம் முகம் காட்டவில்லை.

பஸ் டிரைவர் என்ன செய்தார் தெரியுமா? இவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் என் கடிதத்தை அப்படியே போட்டு, தன் தப்பைத் தானே சொல்கிற ஒரு இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு பார்க்கவேண்டுமே! பொட்டலங்கள் வந்து குவிகின்றன. தபால்காரர் என்னை 'தங்கம்மா' என்றே கூப்பிடுகிறார். போன மாதம் அந்தக் குழுவினர் தாங்களே ஒரு கட்டி செய்து, யாருக்கும் கணக்கைச் சொல்லாமல் ஆறு துண்டாக்கி ஆறு கூடங்களுக்கு அனுப்பினார்கள். நம் பழைய ஆலைக்கும் ஒரு துண்டு. முடிவு திங்கட்கிழமை வந்தது. ஆறில் மிகச் சரியாகச் சொன்னது துணி துவைக்கிற அறை! ஆலைக்கு மூன்றாம் இடம். நான் அடுப்படியில் ஆடியதை வீட்டுக்காரர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். "பெரிய தங்கப் புள்ளி நீ, வீட்டுல சர்க்கரை தீர்ந்து மூணு நாளாச்சு"ன்னு கிண்டல் வேறு.

ஆடி முடித்து உட்கார்ந்ததும், காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியைப் பார்த்து அழுகை வந்துவிட்டது. அன்றைக்கே ஆலைக்கு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். டப்பாவைப் பிரித்தது யார், சோதிக்காமல் விட்டது யார் என்று தேதியோடு எழுதி, உன் பெயரில் இருக்கும் குறிப்பை நீக்கக் கேட்டிருக்கிறேன். பழைய மேலாளர் ஓய்வு பெற்றுவிட்டார். புதியவர் என்ன செய்வாரோ தெரியாது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். இது எட்டு வருஷத்துக்கு முன்னாலேயே எழுதியிருக்க வேண்டியது.

இன்னொரு தாளும் இருக்கிறது பார். அதுதான் என் கூடத்தின் சான்றுத் தாள். கீழே இரண்டு கோடுகள். ஒன்று சோதித்தவருக்கு, மற்றது சரிபார்த்தவருக்கு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நானே செய்கிறேன், ஆனால் முதல் கோட்டில் மட்டும்தான் கையெழுத்துப் போடுகிறேன். "நான் போடட்டுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார், கூடாது என்றேன். வாடிக்கையாளர்கள் கேட்டால், அந்த ஆள் ஊரில் இல்லை என்கிறேன். முதல் நாளிலிருந்து அப்படித்தான் சொல்லி வருகிறேன்.

கல் மேடையில் இன்னொரு தராசுக்கு இடம் விட்டிருக்கிறேன். உன் அண்ணன் டயர் கடையில் பில் போட வேறு யாராவது கிடைப்பார்கள். வந்துதான் ஆக வேண்டும் என்று சொல்ல எனக்கு வாயில்லை. வர மனசில்லை என்றால் அந்தத் தாளைத் திருப்பி அனுப்பு, இல்லை, நாலு வார்த்தை திட்டியாவது அதன் பின்பக்கத்தில் எழுதி அனுப்பு. வந்தால் பத்து மணிக்கு முன்னால் வா, மாடிக்காரர் தாண்ட ஆரம்பிப்பதற்குள் எடை போட்டுவிடலாம்.

உன் கண்ணும் கையும் எப்போதும் போல் கூர்மையாக இருக்க வேண்டும், மில்லி. தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

என்றும்,
உன் பக்கத்து மேஜைக்காரி