நானூறு அடியில் திரும்பினேன்

12 மார்ச் 1978, ஞாயிறு

அம்மா இன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு நான் சல்வார் போட்டுக்கொண்டு கிளைடர் கிளப்புக்குக் கிளம்பினால் அன்று முழுக்க அவளுக்கு மௌன விரதம். அப்பா போன பிறகு எட்டு வருஷமாக நான்தான் சம்பாதிக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் எனக்கென்று இருக்கக் கூடாதா?

கிளைடரில் ஐம்பத்திரண்டு நிமிஷம் மேலே இருந்தேன். இந்த வருஷம் கிளப்பில் இதுதான் அதிகம். பக்ஷி சாகிப் நான் பறந்த கணக்கு எழுதும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, உனக்குக் காற்று கண்ணுக்குத் தெரிகிறது பெண்ணே என்றார். விமானப் படையில் இருபது வருஷம் இருந்துவிட்டு எங்களுக்குச் சொல்லித்தர வந்தவர். சும்மா புகழ்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்ததில் சரோஜினி நகர் ஸ்டாப்பைக் கோட்டைவிட்டேன்.

15 மார்ச், புதன்

ஆபீஸில் இப்போது நான் ஒரு வேடிக்கைப் பொருள். சாப்பாட்டு வேளையில் டைப்பிஸ்ட் சந்திரம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். ஆற்காட்டுப் பக்கத்துப் பெண், இருபத்துமூன்று வயது. கரோல் பாகில் ஒரு வீட்டின் மூன்றாம் மாடி பர்சாத்தியில், அதாவது மொட்டை மாடியில் கட்டிய ஒற்றை அறையில், தாயாருடன் இருக்கிறாள். நான் சுருக்கெழுத்தில் எடுப்பதில் பாதி அவள் கையால்தான் டைப் ஆகிறது.

"எஞ்சின் இல்லாம எப்படிக்கா மேல நிக்குது?" என்றாள்.

நிற்பதில்லை, எப்போதும் இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்று சொன்னேன். கீழே இருந்து ஒரு யந்திரம் கம்பியால் இழுத்து ஆயிரம் அடி ஏற்றிவிடும். பிறகு, சூடான தரையிலிருந்து எழும்பும் காற்றைத் தேடிப் பிடித்து அதற்குள் வட்டமடித்தால் காற்றே நம்மைத் தூக்கும். பருந்துகளும் அப்படித்தான் ஏறுகின்றன. கிடைக்காவிட்டால் இறங்கிவிட வேண்டியதுதான்.

வாயைத் திறந்தபடி கேட்டாள். நன்றாகத்தான் இருந்தது எனக்கு.

26 மார்ச், ஞாயிறு

பக்ஷி சாகிபிடம் திட்டு.

ஐந்நூறு அடிக்குக் கீழே வந்துவிட்டால் காற்றைத் தேடக் கூடாது, நேராக மைதானத்துக்கு வந்து இறங்க வேண்டும். கிளப்பில் முதல் நாளே சொல்லும் விதி. இன்று நானூற்றைம்பதில் இருக்கும்போது செங்கல் சூளைக்கு மேல் பருந்துகள் சுற்றுவதைப் பார்த்தேன். திரும்பினேன். காற்று அப்படியே அள்ளி எடுத்துக்கொண்டு போயிற்று, மூவாயிரம் அடி! கீழே இருந்தவர்களெல்லாம் கை தட்டினார்களாம்.

அவர் தட்டவில்லை. தனியே கூப்பிட்டு, நீ தோற்றிருந்தால் இன்று ஒரு பாடம் கற்றிருப்பாய், ஜெயித்துவிட்டாய், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது என்றார்.

தலையை ஆட்டினேன். அவருக்கு வயசாகிவிட்டது.

2 ஏப்ரல், ஞாயிறு

இன்றும் கிடைத்தது. நானூற்றிருபதில். அவர் வரவில்லை.

9 ஏப்ரல், ஞாயிறு

மூன்றாவது தடவை. நானூறு அடி. மூன்று தடவை அதிர்ஷ்டம் என்று யாரும் சொல்ல முடியாது. விதி புதிதாக வருகிறவர்களுக்கு. கையில் நிதானம் இருப்பவர்களுக்கு அது வேறு.

பின்னால் நான், முன்னால் ஒரு ஆள் என்று ஏற்றிக்கொண்டு போக அனுமதி வந்துவிட்டது. கிளப்பில் பெண்களில் எனக்குத்தான் முதலில். அம்மாவிடம் சொன்னேன். "யாராத்துப் பொண்ணை ஏத்திண்டு போகப் போறே?" என்றாள். ஞாயிற்றுக்கிழமையில் அவள் பேசிய முதல் வாக்கியம்.

14 ஏப்ரல், வெள்ளி

வருஷப் பிறப்பு. சாயங்காலம் கரோல் பாக் போனேன். சந்திரம்மாள் ஞாயிற்றுக்கிழமை என்னோடு பறக்க வருகிறாள். அவள் அம்மா குஞ்சம்மாள் பாயசம் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்திரமா கூட்டியாந்துடுவியாம்மா?"

டி.டி.சி. பஸ்ஸில் போவதைவிடப் பத்திரம் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

16 ஏப்ரல், ஞாயிறு

சந்திரம்மாளுக்கு முதுகில் அடி. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். எழுத முடியவில்லை.

19 ஏப்ரல், புதன்

எழுதிவிட வேண்டும். இங்கேயாவது.

பெல்ட் போட்டுவிட்டேன். மூச்சு முட்டுகிறது என்றாள். இரண்டு விரல் தளர்த்தினேன். பறக்கப்போவது பத்து நிமிஷம்தானே என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

கம்பி மேலே இழுத்துவிட்டது. மேலே போனதும் அவள் பயமெல்லாம் போய்விட்டது. குதுப் மினாரைக் காட்டினேன், கையைத் தட்டினாள். காற்று எங்கேயும் கிடைக்கவில்லை. அறுநூறு அடிக்கு வந்துவிட்டோம். இறங்கப் போகிறோம் என்றேன்.

"அதுக்குள்ளயாக்கா?"

அவ்வளவுதான் கேட்டாள். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் எனக்கு அவமானமாக இருந்தது. ஆபீஸ் முழுக்கச் சொல்லி அழைத்துவந்து ஆறு நிமிஷத்தில் இறக்கிவிடுவதா? நானூறில் இரண்டு பருந்துகள் தெரிந்தன. திரும்பினேன்.

பருந்துகள் இறக்கையை அடித்துக்கொண்டிருந்தன. ஏறுகாற்று இருந்தால் அவை எதற்கு அடிக்க வேண்டும்? பார்த்தேன். பார்த்தும் ஒரு சுற்று. முந்நூறு. அப்போதே போயிருக்கலாம். இன்னொரு அரைச் சுற்று. இருநூறுக்கும் கீழே. மைதானத்துக்கும் எங்களுக்கும் நடுவில் கருவேல மரங்கள். தாண்டிவிடலாம் என்று கிளைடரின் மூக்கைத் தூக்கினேன். வேகம் செத்துப்போய் இடது இறக்கை தொங்கிவிட்டது.

அறுத்த கோதுமை வயல். மூக்கு முதலில் தரையில் மோதியது. மூக்கில் இருந்தது அவள்.

அவள் கத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, கால் எங்க இருக்குன்னு தெரியலக்கா" என்றாள்.

எனக்கு மணிக்கட்டுச் சுளுக்கு. வேறொன்றும் இல்லை.

என்னையே கேட்டுக்கொள்கிறேன்: ஏன்டி திருப்பினே? யார் கேட்டா உன்னை? நாலு பேர் கை தட்டணும்னா? தெரியும்டி உனக்கு, எல்லாம் தெரிஞ்சுதான் பண்ணினே.

22 ஏப்ரல், சனி

விசாரணைக்கு அறிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். பக்ஷி சாகிப் வீட்டுக்கே வந்தார். அம்மா அவரை உட்காரச் சொல்லக்கூட இல்லை. அவர் கீழே இருந்து எல்லாவற்றையும் பார்த்தவர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு தானே உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: இறங்கும் வழியில் திடீரென்று கீழ்க்காற்று, விமானத்தைக் கீழே அழுத்தும் காற்று, அடிப்பது உண்டு. ஏப்ரலில் சகஜம். பைலட் விதியை மீறியதாகப் போனால் கிளப்பையே மூடிவிடுவார்கள், நாற்பது பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இனி எதைச் சொல்லியும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

திடீர்க் கீழ்க்காற்று என்று எழுதினேன். பெல்ட் சரியாக இருந்தது என்றும் எழுதினேன். அவர் சொல்லாததையும் சேர்த்து எழுதினேன்.

7 மே, ஞாயிறு

ஆஸ்பத்திரி. மார்பிலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு. வலது கால் விரல்கள் அசைகின்றன, இடது கால் இன்னும் இல்லை. அடிமுதுகில் இரண்டு எலும்பு நொறுங்கியிருக்கிறதாம். நடப்பாளா என்று டாக்டரைக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

கிளப்பில் யாரோ அவளிடம் கீழ்க்காற்றைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "காத்து அடிச்சதுக்கு நீங்க என்னக்கா பண்ணுவீங்க" என்றாள்.

ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன்.

4 ஜூன், ஞாயிறு

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாற்காலியில் கட்டி நாலு பேராக மூன்று மாடி தூக்கிக்கொண்டு போனார்கள். படிக்கட்டு குறுகல், ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலி சுவரில் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இனி நடக்க முடிகிறவரை அந்த மொட்டை மாடிதான். பகலில் அறைக்குள் அடுப்பு மாதிரி கொதிக்கிறது. குஞ்சம்மாள் கோணியை நனைத்து ஜன்னலில் தொங்கவிடுகிறாள், அரை மணியில் காய்ந்துவிடுகிறது.

18 ஜூன், ஞாயிறு

போனேன். மேஜை விசிறி வாங்கிப் போனேன். குஞ்சம்மாள் அழுதுவிட்டாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்றாள்.

9 ஜூலை, ஞாயிறு

மழை. இடது கால் கட்டைவிரல் அசைந்தது. காட்டினாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குஞ்சம்மாள் காப்பி போட்டாள். எனக்கு மட்டும் டம்ளர் நிறைய, அவர்களுக்குப் பாதிப் பாதி.

குடித்தேன்.

27 ஜூலை, வியாழன்

விசாரணை முடிந்தது. எதிர்பாராத கீழ்க்காற்று, பைலட் மேல் தவறில்லை. பக்ஷி சாகிப் ஆபீஸுக்குப் போன் செய்து சொன்னார். எப்போது பறக்க வருகிறாய் என்று கேட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "உன் மேல தப்பில்லையாமா?" என்று மட்டும் கேட்டாள். நான் கைப்பையைத் திறந்து மூடினேன். அவள் அதைப் பார்த்தாள். அரிசி களைய உள்ளே போய்விட்டாள்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இன்று அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு அடி வைத்தாள். வைத்துவிட்டுப் படுக்கையில் சாய்ந்து, "நல்லானதும் இன்னொரு வாட்டி கூட்டிட்டுப் போவீங்களா? உங்க கூடன்னா வருவேன்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளா, நிஜமாகவா, தெரியவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

காற்று இல்லை, நான்தான் என்றேன். ஐந்நூறு அடி விதியைச் சொன்னேன். முன்பு மூன்று தடவை தப்பித்ததைச் சொன்னேன். அவள் விசிறியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பெல்ட்டு?"

"அதுவும் நான்தான். தளர்த்தியிருக்கக் கூடாது."

"எனக்காகத் திரும்புனீங்களா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஒருவேளை மன்னித்திருப்பாள். "இல்லை. எனக்காக" என்றேன்.

அவள் கை நீட்டி விசிறியை நிறுத்தினாள். பிறகு சொன்னாள்: "இத்தனை நாளும் எங்கம்மா போட்ட காப்பியக் குடிச்சீங்களே."

வெளியே துணி உலர்த்திக்கொண்டிருந்த குஞ்சம்மாள் என்ன என்று குரல் கொடுத்தாள். "ஒண்ணுமில்லம்மா. அவங்க கெளம்புறாங்க" என்றாள் சந்திரம்மாள்.

16 ஆகஸ்ட், புதன்

முதல் அறிக்கை பொய் என்று விசாரணை அதிகாரிக்கு எழுதிப் பதிவுத் தபாலில் போட்டேன். நடந்ததெல்லாம் எழுதினேன். பக்ஷி சாகிப் பெயரை எழுதவில்லை. பேனா பிடித்தது என் கைதானே.

20 ஆகஸ்ட், ஞாயிறு

போனேன். குஞ்சம்மாள் கதவைப் பாதி திறந்து, அவள் தூங்குகிறாள் என்றாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

27 ஆகஸ்ட், ஞாயிறு

கதவு திறக்கவில்லை.

21 செப்டம்பர், வியாழன்

உத்தரவு வந்தது. என் லைசென்ஸ் ரத்து. கிளப்புக்கு மூன்று மாதம் தடை. பக்ஷி சாகிபுக்குப் போன் செய்தேன். நாற்பது பிள்ளைகள் என்றார், வைத்துவிட்டார்.

செய்தது சரிதானா? யாருக்குச் சரி? சந்திரம்மாளுக்கு முதுகு சரியாகவில்லை. நம்புவதற்கு அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள், அதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டேன். ஆனால் அந்தக் காப்பியை இன்னொரு ஞாயிறு என்னால் குடித்திருக்க முடியாது. அப்படியானால் இதையும் எனக்காகத்தான் செய்தேனா?

31 அக்டோபர், செவ்வாய்

தீபாவளி. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. அம்மா கேட்காமலே என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டாள்.

20 நவம்பர், திங்கள்

சந்திரம்மாள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். கைத்தடி, சேலைக்கு உள்ளே இடுப்பில் தோல் பட்டை. இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறாள். எல்லாரும் எழுந்து போய்ப் பேசினார்கள். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். என் மேஜையைக் கடந்து போனாள். காலம் பூராவும் இப்படித்தான் நடப்பாளாம், சூப்பரின்டென்டென்ட் சொன்னார்.

என் கடிதங்களை டைப் செய்ய வேறு யாரிடமாவது கொடுக்கலாமா என்று அவளிடம் கேட்டிருக்கிறார். வேலைதானே சார், கொடுங்க என்றாளாம்.

1 டிசம்பர், வெள்ளி

ப்யூன் கொண்டுபோகிறான், கொண்டுவருகிறான். ஒரு எழுத்துப் பிழை இருப்பதில்லை.

14 டிசம்பர், வியாழன்

பனிமூட்டம். பதினொரு மணி வரை விளக்குப் போட்டுக்கொண்டுதான் வேலை.

ஒரு நினைவூட்டல் கடிதத்தை எழுதி அனுப்பியிருந்தேன். ப்யூன் வரவில்லை. கைத்தடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேஜை முன்னால் நின்றாள். தாளை வைத்து ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இந்தத் தேதி சரியான்னு பாருங்க."

ஆகஸ்டுக்குப் பிறகு என்னிடம் அவள் பேசியது இதுதான். சரியாகத்தான் இருக்கும், நான்தானே எழுதினேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்துவந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி மூலக் கடிதத்தைப் பார்த்தேன்.

தவறு. மாதமே தவறு.

திருத்தினேன். மற்ற தேதிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். நேரமாயிற்று. நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன். அவள் உட்காரவில்லை. நான் முடிக்கும்வரை கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தாளை வாங்கி, தானும் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போனாள்.