கடைசி அலசலில் அத்தர்

வாப்பா,

போன சனிக்கிழமை நவி மும்பை ஐரோலி வீட்டில் என் மகளின் பள்ளிச் சீருடை வாஷிங் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி அலசலுக்கு முன் அவள் துணிக்கு மணமூட்டும் புது பாட்டில் ஒன்றைத் திறந்து மூடியில் ஊற்றி உள்ளே விட்டாள். ரோஜா வாசனை குளியலறையை அடைத்துக்கொண்டது. "ஊத்தாதே" என்று கத்திவிட்டேன். நான் கத்துகிற பெண் இல்லை. அவள் திகைத்துப்போனாள்.

"ஏம்மா, எல்லாரும் போடறதுதானே? குஷ்பூ அச்சீ ஹை நா!"

துணி கெட்டுப்போகும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய் நின்றேன்.

இறந்தவர்களுக்கு எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இது உங்களிடம் வந்து சேரப்போவதில்லை. வந்து சேராது என்பதால்தான் எழுத முடிகிறது.

அறுபதுகளின் நடுவில், தாராவியில் நம் ஒற்றை அறை, தோல் பதனிடும் கூடத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அந்தக் கூடத்தில்தான் உங்களுக்கு வேலை. ஈரத்தோலும் சுண்ணாம்பும் மரப்பட்டை ஊறிய தண்ணீரும் கலந்த அந்த வாடை நம் பாயில், சோற்றில், உங்கள் தலைமுடியில் எல்லாம் இருந்தது. சந்துக்குள் இருந்தவரை அது ஒரு வாடை என்றே எனக்குத் தெரியாது. மாட்டுங்காவில் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நம் சந்திலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான் ஒருத்திதான். அதை நீங்கள் எத்தனை பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள் என்பதை உம்மா கேலியாகச் சொல்வாள்.

எனக்கு ஒரே செட் சீருடை. வெள்ளைச் சட்டை, மேலே கையில்லாத நீல கவுன். சனிக்கிழமை மதியம் உம்மா பார் சோப்பைத் தேய்த்துத் துவைப்பாள். சட்டைக்கு நீலமும் கஞ்சியும் உண்டு. மழைக்காலத்தில் அதை அறைக்குள் கொடியில்தான் போட வேண்டும். காய்வதற்குள் கூடத்தின் வாடை முழுவதும் அதில் இறங்கிவிடும். பக்கத்தில் உட்கார்ந்த பெண் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் எழுதினாள்.

"டீச்சர் என்ன ஜன்னல் பக்கம் மாத்திட்டாங்க" என்று ஒருநாள் வீட்டில் சொன்னேன். நல்ல செய்தி போலத்தான் சொன்னேன். நீங்கள் சாப்பிடுவதை நிறுத்தினீர்கள்.

"எதுக்கு மாத்துனாங்க?"

"காத்து வரும்ல."

மேற்கொண்டு கேட்டால், நான் இனிப் போகமாட்டேன் என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம் உங்களுக்கு. அந்தச் சனிக்கிழமை ஒரு சின்ன அத்தர் குப்பியோடு வந்தீர்கள். உம்மா கடைசி அலசலுக்குத் தண்ணீர் பிடித்து வைத்ததும் குனிந்து குப்பியைச் சாய்த்தீர்கள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைய மாப்பிள்ள மாதிரில அனுப்பப் போறீக!" என்றாள் உம்மா.

"நீ சும்மா அலசு. என் புள்ள நாளைக்கழிச்சு உள்ள நுழைஞ்சா வகுப்பே மணக்கும்."

வகுப்பு மணக்கத்தான் செய்தது. தோல் வாடை போகவில்லை; அதன் மேல் அத்தர் ஏறி உட்கார்ந்துகொண்டது. மழைக்கு ஜன்னலை வேறு சாத்தியிருந்தார்கள்.

"என்னடி இது, நேரா கல்யாணத்துலேர்ந்து வரயா?" என்றாள் கைக்குட்டைக்காரி. பின்னாலிருந்து ஒருத்தி, "கல்யாணம் மட்டும் இல்ல, கருமாதியும்தான். ரெண்டும் ஒரே வீட்டுல நடக்கறதுடி" என்றாள். டீச்சரும் உதட்டைக் கடித்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

மாலையில் நீங்கள் வாசலிலேயே நின்றிருந்தீர்கள். "என்ன புள்ள, என்ன சொன்னாளுவ?"

"மணமா இருக்குன்னாங்க, வாப்பா."

உங்கள் முகம் இருந்த இருப்பைப் பார்த்தபின் வேறு என்ன சொல்வது? ஆனால் அந்த ஒரு சொல்லால் வாராவாரம் அத்தர் விழுந்தது. டீக்கடையில் உட்காருவதைக்கூட அத்தர் காசுக்காக விட்டுவிட்டீர்கள் என்று உம்மா முணுமுணுத்தாள்.

ரயில் பாலத்தைத் தாண்டி மாட்டுங்காவில் இறங்கும் இடத்தில் ஒரு தெருக்குழாய் இருக்கும். காலையில் அங்கே நின்று காலரையும் கைவிளிம்பையும் நனைத்து நனைத்துத் தேய்ப்பேன். ஈரத்தோடுதான் வகுப்புக்குப் போவேன். வாசனை குறைந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. தேய்க்காமல் அந்தக் குழாயைத் தாண்ட முடியாது, அவ்வளவுதான்.

மழை விடுகிற சமயம். ஒருநாள் காலரைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தபோது எதிர்ச்சாரியில் நீங்கள் நின்றீர்கள். தோளில் தோல் சுருள். ஏதோ செருப்புக்கடைக்குக் கொண்டுபோகிறீர்கள் போல. என்னைத் தெருவில் எங்கே கண்டாலும் ஊருக்கே கேட்கும்படி கூப்பிடுகிறவர் நீங்கள். அன்று கூப்பிடவில்லை. சுருளை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றி, முகத்தை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பி நடந்தீர்கள். நான் குழாயை மூட மறந்து நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை உம்மா அலசல் தண்ணீரை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அத்தர் எங்கங்க?"

"தீந்து போச்சு."

குப்பி மாடத்தில்தான் இருந்தது. பாதிக்கு மேல் இருந்தது. உம்மா அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சட்டையைப் பிழிந்தாள்.

மறுநாள் ஞாயிறு. ஈரச் சீருடையை உம்மா பழைய வேட்டியில் சுருட்டித் தர, என்னையும் கூட்டிக்கொண்டு வடாலா உப்பளப் பக்கம் நடந்தீர்கள். அங்கே வேலி ஓரமாக ஒரு கயிறு கட்டி, என்னைத்தான் துணியை விரிக்கச் சொன்னீர்கள். நீங்கள் தொடவில்லை. பீடி ஒன்றைப் பற்றவைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தீர்கள். பிறகு தள்ளிப் போய் உட்கார்ந்தீர்கள். காற்று சட்டையைத் தாண்டித்தான் உங்களிடம் வரும். உங்களைத் தாண்டி சட்டைக்குப் போகாது, அப்படி ஓர் இடத்தில். நான் உங்கள் பக்கத்தில் வந்து உட்காரப் போனேன்.

"நீ அந்தப் பக்கம் உக்காரும்மா" என்றீர்கள். 'புள்ள' என்று சொல்லவில்லை.

உப்பளத்து ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே போனான். "க்யா சாச்சா, கப்டா பாக் ஜாயேகா க்யா?" சட்டை ஓடியா போய்விடும் என்ற கேலி. "ஹவா லே ஜாயேகா, பாய்", காற்று கொண்டுபோய்விடும் என்று நீங்களும் சிரித்தீர்கள். நடுவில் என் சட்டை படபடத்துக்கொண்டிருந்தது. நாம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதன்பின் ஞாயிறுதோறும் வடாலாதான். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. படித்தேன், கல்லூரிக்குப் போனேன், மேலும் படித்தேன். அந்தக் குழாயடியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக்கூட அதற்குப் பிறகு நீங்கள் அத்தர் பூசியதாக எனக்கு நினைவில்லை. நினைவு ஏமாற்றும் என்று எனக்குத் தெரியும். இது அப்படியான ஏமாற்றாக இருக்கட்டும் என்றுதான் விரும்புகிறேன்.

உங்களைக் குளிப்பாட்டி, உடலைப் போர்த்தும் கஃபன் துணியில் அத்தர் தெளித்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று சொல்லிக்கொண்டார்கள். வெட்கம் தாங்காமல் போனேன். உங்கள் முன்னால் அந்த வாசனையில் என்னால் உட்கார முடியவில்லை.

போன சனிக்கிழமை மகளின் சீருடையை நானே பால்கனியில் விரித்தேன். கடற்கழியிலிருந்து காற்று வந்தது. கொடிக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியைத் தூக்கி, காற்று துணியைத் தாண்டி வந்து சேரும் மூலையில் போட்டுக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. எந்த வீட்டிலும், எந்த அறையிலும், பிறர் பக்கத்தில் உட்காரும் முன் இதைத்தான் செய்கிறேன்.

என் மேல் எந்த வாடையும் இல்லை, வாப்பா. இருந்தும் நான் உங்கள் பக்கத்தில்தான் உட்காருகிறேன்.