கரிக் கம்பெனிக்கு ஆகாய லைன்

12.5.97 திங்கள்
காலை எட்டு மணிக்கே வெயில் சுட்டது. பல் டாக்டரிடம் போகவேண்டும். போகவில்லை.

துபாய் பார்ட்னரிடமிருந்து ஃபேக்ஸ். இனிமேல் ஃபேக்ஸே கூடாதாம். பந்தல்குடி குடோனில் எத்தனை மூட்டை கரி, தூத்துக்குடியில் எத்தனை மூட்டை கப்பல் ஏறியது, எல்லாம் அவர் மேஜைக் கம்ப்யூட்டரில் உடனுக்குடன் தெரிய வேண்டும். மாதக் கடைசிக்குள் அருப்புக்கோட்டைக்கு அப்படி ஒரு லைன் வராவிட்டால் ஆபீஸைத் தூத்துக்குடிக்கே மாற்றிவிடுவாராம்.

லைன் கொடுக்கும் கம்பெனியைப் பொறுக்குகிற வேலை மேனேஜருக்கு. அதாவது எனக்கு. எஸ்.எஸ்.எல்.சி., இரண்டாம் தடவையில் பாஸ். கரியை உடைத்துப் பார்த்து எந்தக் காட்டு வேலிக்கருவை என்று சொல்வேன். கம்ப்யூட்டர் விஷயத்தில், காலையில் உறையை எடுப்பேன், சாயங்காலம் உறையைப் போடுவேன்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "பாப்பா ப்ளஸ் டூ போறா. இப்பப் போயி பள்ளிக்கூடத்த மாத்துனா உருப்படுமா?" என்றாள். மகள் எழுந்து உள்ளே போனாள். சாப்பிடவும் இல்லை.

14.5.97 புதன்
இரண்டு கம்பெனிக்காரர்கள்.

மதுரைக்காரர்: கம்பி லைன், மாத வாடகை. வழுக்கை, மஞ்சள் பை, கைக்குட்டை முழுக்க வேர்வை. "காரியாபட்டிக்கு இங்கிட்டு கேபிள் எப்பிடி இருக்குன்னு பாத்துட்டுத்தான் சொல்லணும். மாசக் கடைசின்னு வாக்குக் குடுக்க மாட்டேன்." விற்க வந்த ஆள் பேசுகிற பேச்சா இது?

மெட்ராஸ்காரர்: ஆகாய லைன். மாடியில் ஒரு பெரிய வட்டத் தட்டு. அது சாட்டிலைட்டோடு பேசுமாம். முப்பது வயது இருக்காது. இந்த வெயிலிலும் டை. இனி அவர் பெயர் டைத் தம்பி. உலகப் படத்தை விரித்தார். எங்கும் சிவப்புக் கோடுகள்.

"உலகம் பூரா எங்க நெட்வொர்க் இருக்கு சார்."

"இதுல அருப்புக்கோட்டை எங்க?" முதலாளி அண்ணாச்சி குனிந்து தேடினார்.

"அது... இதுல தெரியாது சார்."

"நாங்க இருக்கதே தெரியல. உலகம் பூரா இருக்கீகளாக்கும்."

பிறகு ஒரு மணி நேரம் இங்கிலீஷ். தலையாட்டினேன். புரியவில்லை என்று தெரிந்துவிடக் கூடாதே என்று இன்னும் அழுத்தமாக ஆட்டினேன். பிடரி வலி. "மழை பெஞ்சா மட்டும் சிக்னல் கொஞ்சம் தேயும் சார்" என்றார். மழையாம்! அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"தேயட்டும் தம்பி. மழை வந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை தட்டு வருகிறது. சும்மா வைத்துப் பார்க்க.

16.5.97 வெள்ளி
ராகு காலத்துக்கு முன்னால் தட்டை மாடியில் மாட்டிவிட்டார்கள். சோதித்தார்கள், துபாய் கிடைத்தது. திரையில் பார்ட்னர் 'குட் மார்னிங்' அனுப்பினார். அண்ணாச்சி திரையைப் பார்த்துக் கும்பிட்டார்.

டைத் தம்பி காபிக்கு இறங்கியதும் பூஜை. புது லாரிக்குச் செய்வதை இதற்கும் செய்யாமல் விடமுடியுமா? பூக்கடைக்குப் போய்ச் சரிகை சுற்றிய ரோஜா மாலை, நல்ல கனம், நானே வாங்கி வந்தேன். தட்டுக்கு நடுவில் மூக்கு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. சாமிக்குக் கழுத்து மாதிரி தோதாக இருந்தது. அதில் மாலை. அதன் முகத்தில் குழைத்த சந்தனம், குங்குமம். நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கே ஒரு சந்தோஷம்.

கீழே வந்தால் துபாய் செத்துவிட்டது.

டைத் தம்பி மாடிப் பக்கமே போகவில்லை. வெயில், பாவம். ஏசி அறையில் உட்கார்ந்து மெட்ராஸுக்கு போன், பம்பாய்க்கு போன். எல்லாம் நம் போன். "மேல சாட்டிலைட் பக்கத்துல ஏதோ புயல் சார்" என்றார். வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

மூன்று மணிக்குத்தான் மாலை ஞாபகம் வந்தது. மாடிக்குப் போனேன். வாடின மாலை மூக்கை மூடிக்கொண்டிருந்தது. எடுத்தேன். சந்தனத்தைத் துண்டால் துடைத்தேன். இறங்கி வந்தால் துபாய் உயிரோடு இருக்கிறது. டைத் தம்பி எழுந்து நிற்கிறார்.

"சரி பண்ணிட்டோம் சார். சாட்டிலைட்டையே லேசாத் திருப்பச் சொன்னேன்."

மாலை என் கைப்பைக்குள்.

17.5.97 சனி
மதுரைக்காரர் போன். "கேபிள் பாத்துட்டேன். ஜூன் கடைசி ஆயிரும். அதுக்கு முன்னாடின்னு சொன்னா பொய்யி."

ஜூன் கடைசி என்றால் நான் தூத்துக்குடியில். தட்டு என்றால் இங்கேயே. ஆனால் சாட்டிலைட்டைத் திருப்பியவனிடமா வாங்குவது? அவனை நினைத்தாலே துப்பலாம் போலிருக்கிறது. ராத்திரி மகள் பழைய கேள்வித்தாள்களை விரித்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

19.5.97 திங்கள்
அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். மதுரைக்காரர்தான் சரி, துபாயில் ஒரு மாதம் தவணை கேட்போம் என்று.

"ஏன்யா? தட்டு நல்லாத்தான வேலை செய்யிது?"

வேறு வழியில்லை. மாலை, சந்தனம், துண்டு, எல்லாம் சொன்னேன். இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார்.

"அப்ப தட்டுல கோளாறு இல்ல. ஆளுலதான கோளாறு. நாம தட்டைத்தான வாங்குறோம்?"

"கூசாமப் பொய் சொல்றான் அண்ணாச்சி."

"லோடு ஏத்துறன்னைக்கி எடை கூடணும்னு கரி மேல தண்ணி தெளிக்கிறோமே, அதுல கூசுச்சாக்கும்?"

தெளிக்கச் சொல்வது அவர். 'ஈரமில்லை' என்று சீட்டில் கையெழுத்துப் போடுவது நான்.

"தவணை கேட்டா துபாய்க்காரன் நாளைக்கே தூத்துக்குடியில ஆபீஸுக்கு எடம் பாப்பான். டைக்குப் போனப் போடும்."

போட்டேன். குரலில் தேன் வடிந்தது. அவருக்கு இல்லை, எனக்கு.

24.5.97 சனி
ஒப்பந்தம் கையெழுத்து. சாட்சிக் கையெழுத்து நான். டைத் தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "சார் மாதிரி டெக்னிக்கலா கேள்வி கேக்குற கஸ்டமரப் பாத்ததே இல்ல சார்." நான் அவரிடம் கேட்ட ஒரே கேள்வி, காபிக்குச் சீனி போடலாமா என்பது.

சாயங்காலம் துபாயிலிருந்து செய்தி. ஆபீஸ் இங்கேயே.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன்.

"என்னங்க, தூத்துக்குடி போகணுமா, வேணாமா?"

"வேணாம்."

உள்ளே மகள் கை தட்டினாள்.

"பெறகு எதுக்கு மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக?"