வெறும் வயிற்றுக் கோபம்

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம், இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை, பல மாதம் கழித்து நிஜமாகவே எழுதுகிறேன். போன் செய்தால் “அப்புறம் பேசறேம்மா” என்று வைத்துவிடுகிறாய். அன்று காலை அப்பா “யார் நீ, எனக்கு மகளே கெடையாது” என்று போனில் கத்தியது உனக்கு இன்னும் ஆறவில்லை, பெற்றவர் வாயிலிருந்து வந்தால் யாருக்குத்தான் ஆறும். ஆனால் அப்படிப் பேச வைத்தது அவர் வயிற்றுக்குள் இருந்த ஒரு கட்டி. பதறாதே, எடுத்தாயிற்று, புற்றுநோய் இல்லை என்று பரிசோதனையும் வந்துவிட்டது. “அவகிட்ட சொல்லாத, பயந்துருவா” என்று அவர்தான் என் வாயைக் கட்டிப்போட்டார்.

காலையில் எரிந்து விழுவார், பிஸ்கட் தின்றதும் தங்கமாகிவிடுவார், பசி வந்தால் உங்கப்பாவுக்குக் கண் தெரியாது என்று நாம் சிரிப்போமே, நீ போன பிறகு அது முற்றிவிட்டது. சட்டைப் பொத்தான் போடத் தெரியாமல் நிற்பார், என்னையே “யாரும்மா நீங்க” என்பார். ஒரு டாக்டர் மனக்கோளாறு என்றார், இன்னொருவர் மறதி நோயின் ஆரம்பம் என்றார், நான் இடிந்துபோய்விட்டேன். கடைசியில் ஒரு பெண் டாக்டர், உன் வயதுதான் இருக்கும், இப்படி ஆவதற்கு முன் எப்போது சாப்பிட்டார் என்று மட்டும் கேட்டார். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, தண்ணீரைத் தவிர எதுவும் கொடுக்காமல் பட்டினி போட்டு, அடிக்கடி ரத்தம் எடுத்தார்கள். முதல் நாள் நர்சுகளைக் கிண்டலடித்துக்கொண்டிருந்த மனிதர் மறுநாள் வியர்த்துக் கொட்டி, தலையணைக்குப் பொத்தான் போடப் பார்த்தார், அந்த டாக்டரையே கண்டபடி திட்டினார். அவரோ “இதுக்குத்தாம்மா காத்துக்கிட்டிருந்தேன்” என்று சிரித்தபடி ரத்தம் எடுக்கிறார், எனக்கு வந்த ஆத்திரம்! பிறகு நரம்பில் சர்க்கரை ஏற்றியதும் உங்கப்பா தெளிந்து, “ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க” என்றார்.

கணையத்தில் பட்டாணி அளவு கட்டியாம். கட்டி என்றால் ஆளை உருக்கும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், இது இன்சுலினைக் கண்ட நேரத்தில் கொட்டி, ரத்தத்தில் சர்க்கரையை இறக்கி, கண்டதையும் தின்ன வைத்து, கோபத்தையும் தொப்பையையும் சேர்த்தே வளர்த்திருக்கிறது. ஸ்கேனில்கூட முதலில் அகப்படவில்லை, தொண்டை வழியாகக் குழாய் விட்டுத்தான் பிடித்தார்கள்.

எனக்கு வேறொரு பயம் இருந்தது, யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருடம் நான் குடித்தனம் செய்தது இவரோடா, அந்தக் கட்டியோடா? ஆபரேஷன் முடிந்து பரம சாதுவாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் அவரோடு நான் என்ன பேசுவேன்? உன்னிடம் கத்தியது எதுவும் அவருக்கு நினைவில்லை, வீட்டுக்கு வந்த பிறகு நான்தான் சொன்னேன். இன்று காலை வெறும் வயிற்றில் அவர் விரலைக் குத்திப் பார்த்தேன், சர்க்கரை சரியாக இருந்தது. உடனே ஆரம்பித்துவிட்டார். “ஒம்பொண்ணு இன்னும் போன் பண்ணலையா? நா என்ன சுயபுத்தியோடயா சொன்னேன்? அதுக்கு இப்படியா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவா? யாரக் கொண்டு பொறந்திருக்கா இவ?” எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தேகத்துக்கு இன்னொரு முறை குத்திப் பார்த்தேன், சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. இது அவருடைய சொந்தக் கோபம்தான்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருங்கள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். காலையிலேயே செய், அவர் சாப்பிடுவதற்கு முன்னால்.

ஆசிகளுடன்,
உன் அம்மா