பதினெட்டுக்கு முந்தின சாயங்காலம்

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தேனியிலிருந்து ஜோயல் வந்திருந்தான். டிஜே, லைட், மேடை எல்லாம் அவன் பொறுப்பு. வயசு இருபத்தஞ்சு இருக்காது, பேச்சு மட்டும் ஊரையே ஆட்டி வச்சவன் மாதிரி. மகிழன் மேடை ஏறும்போது ரெண்டு பக்கமும் தீப்பொறி கொட்டுமாம், ஆனா சுடாதாம். "தொட்டே பாக்கலாம்க்கா" என்றான். முதல்ல நீ தொடு, அப்புறம் என் பிள்ளை பக்கத்துல கொண்டு வா என்றேன்.

செப்டம்பர் பதினாலு, சின்னமனூர் மண்டபம். மகிழனுக்குப் பதினெட்டு முடியுது. எனக்கு ஆர்க்கெஸ்ட்ரா வைக்க ஆசை. "அம்மா, வந்தவுக எல்லாம் தூங்கிருவாக" என்கிறான். சரி, டிஜேயே இருக்கட்டும். குமுளிப் பக்கமிருந்து செண்டை மேளம். சின்னப் பிள்ளைகளுக்கு மேஜிக். ஒரு பிறந்தநாளுக்கு இவ்வளவு ஆட்டமான்னு எங்க ஓடைப்பட்டியே கேக்கும். கேக்கட்டும். இவனுக்கு நாலு வயசுல இவங்க அப்பாவைத் தண்ணி முறைச் சண்டையில பக்கத்துத் தோட்டக்காரன் வெட்டினான். வாய்க்கால்ல கிடந்தவுகளை நான்தான் தூக்கினேன். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். அதுக்கப்புறம் ஒத்தையா நின்னு இவனை இது வரைக்கும் கொண்டு வந்திருக்கேன். ஆடாம என்ன செய்ய?

அந்த ஆள் பேரை இதுல எழுத மாட்டேன். மேக்குத் தோட்டத்துக்காரன், மேக்காட்டான்னு எழுதுறேன், அது போதும். தண்டனை முடிஞ்சு ஆடி மாசம் வந்துட்டான். அவன் திராட்சைப் பந்தலுக்கும் என் பந்தலுக்கும் நடுவுல ஒரு வரப்புதான்.

ஆகஸ்ட் 13, புதன்

கொடிக்கு மருந்தடிச்சிட்டு இருந்தேன். மேக்காட்டான் வரப்புல வந்து நின்னு, "மோட்டாருக்குக் கரண்டு வந்துச்சா தாயி?" என்றான். தாயியாம்! மருந்துக் குழாய் கையிலதான் இருந்தது. மூஞ்சியப் பாத்து அடிச்சேன். கண்ணைப் பொத்திக்கிட்டு வாய்க்கால்ல விழுந்தான். ரொம்ப நேரம் தலையைத் தண்ணிக்குள்ள விட்டு விட்டு எடுத்தான். அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான்.

மகிழன் பந்தலுக்குள்ள இருந்து எல்லாத்தையும் பாத்திருக்கான். என்னைப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கலை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முத்துப்பாண்டி குடும்பத்தோட வந்தான். அவுக தம்பி, என் கொழுந்தன். அவன் பொண்டாட்டி ஜோதி, மகன் அஜய். அஜய்க்குப் பதினஞ்சு வயசு, இன்னும் மீசைகூட முளைக்கலை.

"மதினி, கேக்கை அருவாள்லதான் வெட்டணும். எங்கண்ணன் அருவா சும்மாதான கிடக்கு" என்றான் முத்துப்பாண்டி. இப்ப இந்தப் பயலுகளுக்கு இதுதான் பெருமை. அருவாளால கேக்கை வெட்டி வீடியோ போடுறது, மறுநாள் போலீஸ் ஸ்டேசன்ல நின்னு இனிமே செய்ய மாட்டேன்னு இன்னொரு வீடியோ போடுறது. ஜோயலுக்குப் போன் போட்டுக் கேட்டான் மகிழன். "பிளாஸ்டிக்ல ஆள் உசரத்துக்கு ஒண்ணு இருக்கு தம்பி, விளிம்பு பூரா லைட் எரியும்" என்றானாம் ஜோயல். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. முத்துப்பாண்டி சிரிக்கலை.

அருவாளோட மண்டபத்துக்குள்ள வந்தேன்னா அதாலயே உன் மீசையைச் சிரைச்சு விடுவேன்னு சொன்னேன். ஜோதி என் மேல பாஞ்சா. "ஆம்பளப் பிள்ளைய இப்படிப் பொத்தி வச்சா எப்படிக்கா? எம்மவன் கேட்டா நானே தீட்டிக் குடுப்பேன்." குடு. நல்லா குடு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கை இன்னும் எரியுது. எழுத வரலை. எழுதுறேன்.

ஓடைக்கரை வாழை பூரா வெட்டிக் கிடக்கு. குலை தள்ளினதும் தள்ளாததும். மாடு மேஞ்சுருச்சோன்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பாத்தா எல்லாம் ஒரே உயரத்துல ஒரே வீச்சுல வெட்டினது. நான் பக்கத்துல நின்னு அளந்து பாத்தேன். எனக்குக் காது உயரம். மேக்காட்டான் என்னைவிட ஒசரம். அவனுக்குக் கழுத்து.

மகிழன் பந்தலுக்கு அடியில உக்காந்து அருவாளைத் தொடைச்சிட்டு இருந்தான். அறைஞ்சேன். திரும்பவும் அறைஞ்சேன். என் கைதான் வீங்கினது, அவன் நகரலை. "ஏம்மா, மருந்தைக் கண்ணுல அடிச்சது யாரு? நீ செஞ்சா சரி, நான் செஞ்சா தப்பா?" என்றான். மறுபடியும் அறைஞ்சேன்.

ஆகஸ்ட் 23, சனி

ரெண்டு பேரும் சாப்பிடலை. ஜோயல் போன் பண்ணி மேடையில பனி மாதிரி புகை விடவான்னு கேட்டான். விடு என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டையைத் தின்னுக்கிட்டே முத்துப்பாண்டி சொன்னான். முகூர்த்தம் குறிக்கிறவன் மாதிரி நிதானமா.

"மதினி, பதினெட்டு முடியுறதுக்குள்ள இவன் முடிச்சுட்டா அது சின்னப் பையன் கேசு. மூணு வருசம் சீர்திருத்தப் பள்ளி. இருபத்தொண்ணுல வெளிய வந்துருவான். பதினெட்டு தாண்டிட்டா ஆயுசுக்கும் உள்ளதான். அதனால பிறந்தநாளுக்கு முன்னாடியே…"

அப்ப இதுக்குத்தானா இவ்வளவு நாளா என் வீட்டுக்கு வந்து போயிட்டு இருந்த? உனக்குக் கை இல்லையாடா? அண்ணன் மேல பாசம் பொங்குதுன்னா நீ போய் வெட்டுன்னு கத்தினேன். "மகன் வெட்டுறதுதான் முறை" என்றான். கொழுக்கட்டைச் சட்டியைத் தூக்கி எறிஞ்சேன். நெத்தி கிழிஞ்சு ரத்தம் மூக்கு வழியா வாய்க்குள்ள இறங்குச்சு. அதைத் துடைச்சுக்கிட்டே, "இந்தக் கோவம் மேக்காட்டான் மேல இருக்கணும் மதினி" என்றான்.

இல்லாமலா? தினம் நான் அவனைக் கொல்றேன். மோட்டார் சுவிட்சுல கை வச்சு கரண்டடிச்சுச் சாகணும்னு வேண்டுறேன். பாம்பு கடிக்கணும்னு வேண்டுறேன். அவன் சாகட்டும். என் பிள்ளை கையில சாக வேண்டாம். அவ்வளவுதான் நான் கேக்குறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

உத்தமபாளையம் போய் வக்கீலைப் பாத்தேன். யாருக்கோ கேக்குற மாதிரி கேட்டேன். கொலைக் கேசுல பதினாறு தாண்டிட்டாலே பெரிய ஆள் மாதிரி விசாரிக்க வாய்ப்பு இருக்காம். பஸ்ஸை விட்டு இறங்கின கையோட முத்துப்பாண்டி வீட்டு வாசல்ல நின்னு தெருவே கேக்கச் சொன்னேன். பதினாறுடா, பதினெட்டு இல்ல! பதினாறு! என் மவன் ஆயுசு பூரா உள்ள கிடக்கவான்னு கேட்டேன்.

"அப்ப பதினாறுக்குள்ளன்னா?" என்றான். அப்படின்னா சின்னப் பையன்தான், அதுக்கு இப்ப என்ன, உன் அண்ணன் மவன் என்ன தொட்டில்லயா கிடக்கான்னு கேட்டேன். "வக்கீல் ஆயிரம் சொல்லுவாக. பாப்போம்" என்று உள்ள போயிட்டான்.

செப்டம்பர் 6, சனி

ஜோயல்தான் போன் பண்ணினான். பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

"அக்கா, பாண்டியண்ணன் பதிமூணாம் தேதி சாயங்காலமே ஸ்பீக்கரை இறக்கச் சொன்னாக. செண்டைக்காரங்களையும் முந்தின நாளே வரச் சொல்லிட்டாக. மண்டபத்துல இல்லையாம், உங்க திராட்சைத் தோட்டத்துலயாம். ஒத்திகைன்னாக. வீட்டுல சொல்லிட்டீகளான்னு கேட்டேன், மதினிக்குத் தெரியும்னாக."

சாயங்காலமானா மேக்காட்டான் மோட்டார் ரூமுக்கு வருவான். முப்பது செண்டையும் ஜோயல் ஸ்பீக்கரும் சேர்ந்து அடிச்சா அங்கன யார் கத்தினாலும் கேக்காது. என் பிள்ளைக்கு நான் பாத்துப் பாத்து வச்ச ஆட்டம்! நான் பேசி வச்ச மேளம்!

பதிமூணாம் தேதி தோட்டத்துப் பக்கம் வண்டி வந்தா ஸ்பீக்கர் அத்தனையும் வாய்க்கால்ல கிடக்கும்னு ஜோயல்ட்ட சொன்னேன். செண்டைக்காரங்களுக்கும் போன் பண்ணினேன். அப்புறம் மகிழனைக் கேட்டேன். மறைக்கலை. "மேளம் இருந்தாலும் இல்லாட்டியும் அன்னைக்குப் போவேன்ம்மா" என்றான். குரல்ல கோவம்கூட இல்ல.

செப்டம்பர் 10, புதன்

மகிழனைப் பெரியகுளத்துல என் அக்கா வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த பஸ்ஸுலயே வந்துட்டான். ரூம்ல வச்சுப் பூட்டினேன். கதவோட நாதாங்கியைப் பேத்துட்டு வந்தான். போலீஸ் ஸ்டேசன் வாசல் வரைக்கும் போனேன். உள்ள போய் என்ன எழுதிக் குடுக்க, என் மவன் கொலை பண்ணப் போறான்னா? முதல்ல அவன் பேருதான் ஏறும். திரும்பிட்டேன்.

கடைசியில மேக்காட்டான்கிட்டயே போனேன். நான்! அவன் முன்னால போய் நின்னேன். பதிமூணாம் தேதி இந்தப் பக்கம் வராதேன்னு சொன்னேன். கண்ணு ரெண்டும் இன்னும் சிவந்துதான் இருக்கு. "எனக்குப் போக வேற எடமில்ல தாயி. வர்றவன் வரட்டும். என் கையிலயும் அருவா இருக்கு" என்றான்.

அவன் ஒரு தடவை வெட்டிப் பழகினவன். என் பிள்ளை வாழையைத்தான் வெட்டியிருக்கான்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒடிச்சுட்டேன்.

செப்டம்பர் 13, சனி

நேத்து மத்தியானம் வயிறு முட்ட மீன்குழம்பு போட்டேன். சாப்பிட்டுட்டு தரையில குப்புறப் படுத்துத் தூங்கினான். சின்னப் பிள்ளையில படுக்குற மாதிரியே வலது கையை நீட்டிக்கிட்டு. பந்தலுக்கு வாங்கின இரும்புப் பைப்பு மிச்சம் ஒண்ணு கதவு மூலையில இருந்தது. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவுல பாத்து அடிச்சேன். முதல் அடியில ஒடியலை. "ஆத்தா!"ன்னு அலறி எந்திரிக்கப் பாத்தான். முதுகுல முழங்காலை ஊன்றி அமுக்கிக்கிட்டு ரெண்டாவது அடி. அந்தச் சத்தம் கேட்டுச்சு. என் பல்லு வரைக்கும் கேட்டுச்சு. பைப்பைப் போட்டுட்டு அவன் தலையை மடியில வச்சு நானும் அலறினேன். பாவி நான். பெத்த பாவி.

ஆட்டோவுல ஆஸ்பத்திரி போறவரைக்கும் அவன் என் முகத்தைப் பாக்கலை. எப்படி ஆச்சுன்னு டாக்டர் கேட்டாக. நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, "பந்தல்ல ஏறினேன் சார், விழுந்துட்டேன்" என்றான்.

இன்னைக்குச் சாயங்காலம் முத்துப்பாண்டி வந்தான், தீட்டித் தர்றேன்னு எடுத்துட்டுப் போன அவன் அண்ணன் அருவாளைத் துண்டுல சுத்திக்கிட்டு. மாவுக்கட்டைப் பாத்தான். "இடது கை இருக்குல்ல?" என்றான். பைப்பை எடுத்துக்கிட்டு எந்திரிச்சேன். இருக்கு, உனக்கும்தான் ரெண்டு இருக்குன்னு சொன்னேன். "சித்தப்பா, ரொம்ப வலிக்குது, போங்க" என்றான் மகிழன். சொல்லிட்டு அழுதான். நாலு வயசுல அழுத மாதிரி வாயைத் திறந்து அழுதான். முத்துப்பாண்டி காறித் துப்பிட்டுப் போனான்.

இருட்டுற நேரத்துல மேக்காட்டான் மோட்டார் ஓடுற சத்தம் கேட்டுச்சு. உயிரோட இருக்கான். நாசமாப் போறவன், உயிரோட இருக்கான். சந்தோசமா இருந்தது.

செப்டம்பர் 14, ஞாயிறு

பதினெட்டு முடிஞ்சுருச்சு.

புகை விட்டாக, பொறி கொட்டுச்சு, சுடலை. செண்டைக்காரங்க மண்டபம் அதிர அடிச்சாங்க. மகிழன் மாவுக்கட்டுக் கையைத் தூக்கிக்கிட்டு ஒத்தைக் கையால ஆடினான். கேக்கை வெட்ட ஜோயல் பிளாஸ்டிக் கத்தி குடுத்தான். அதை இடது கையில வாங்கி வெட்டி, முதல் துண்டை எனக்கு ஊட்டினான். இன்னும் ஒரு வார்த்தை என்கிட்டப் பேசலை. ஆனா ஊட்டினான்.

ஜோதி கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னு, "பெத்த பிள்ளை கையை ஒடிச்சவ, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"ன்னு கேட்டா. கேட்டுக்கிட்டேன். அவளுக்குப் பின்னால அஜய் மேடை ஏறிட்டான். சட்டைக்குள்ள இருந்து பெரியப்பா அருவாளை எடுத்து மிச்சக் கேக்கை ஒரே வெட்டு. மேசையும் சேர்ந்து பிளந்துருச்சு. "அண்ணனால முடியலைன்னா நான் இருக்கேன்!"ன்னு மைக்குல கத்தினான். பயலுக விசில் அடிச்சாங்க. முத்துப்பாண்டி மகனையே பாத்துக்கிட்டு நின்னான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில ஜோதி வந்தா. வாசல்ல நின்னவ உள்ள வந்து கதவைச் சாத்தினா. கன்னத்துல அஞ்சு விரலும் பதிஞ்சிருந்தது. முத்துப்பாண்டி அடிச்சிருக்கான், எதுத்துப் பேசினதுக்கு.

"பதினாறுக்குள்ளன்னா சின்னப் பையன்தான்னு நீங்கதானக்கா சொன்னீகளாம். அஜய்க்குத் தையிலதான் பதினாறு. அதுக்குள்ள முடிச்சுரணும்கிறாக. அவனும் தினம் வாழைத் தோப்புக்குப் போறான்க்கா."

என் பிள்ளையைக் காப்பாத்தத் தெருவுல நின்னு நான் கத்தினது. நான்தான் கத்தினேன்.

"எந்த எடத்துல அடிச்சீக?" என்று கேட்டா. என் கையைப் பிடிச்சுத் தடவித் தடவிப் பாத்தா. "இங்கனயா? இங்கனயா? ஒரு தடவை ஒடிச்சா தை வரைக்கும் தாங்குமாக்கா?"

தாங்காது. ரெண்டு மாசத்துல கூடிரும். மறுபடியும் ஒடிக்கணும். எத்தனை தடவை ஒடிப்பா? பிள்ளைக்கு எத்தனை கை இருக்கு?

அவ அழுது முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் கேட்டேன்: "முத்துப்பாண்டி மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குவானா?"

ஜோதி மூக்கைச் சிந்திட்டு என்னைப் பாத்தா.

"கறி எடுத்தா அசந்து தூங்குவாக" என்றா.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜோதி வீட்டுல இன்னைக்கு ஆட்டுக்கறி. என்னையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கா.